கருத்துக் கேட்கப் போன குளிர்காலம்

2010 டிசம்பர் 21, ஸ்ஃபாக்ஸ்

துறைமுகத்துப் பக்கத் தெருக்களில் இன்று கருத்துக்கணிப்பு தொடங்கினேன். 'நாடு போகிற போக்கு எப்படி?' எல்லா வீட்டிலும் ஒரே பதில்: மிகவும் திருப்தி. ஸக்கியா என்ற விதவை, நான் கேள்வியை முடிப்பதற்குள் சுவரிலிருந்த அதிபர் படத்தைப் பார்த்தே பதில் சொன்னாள். நாலு நாள் முன்பு வேறோர் ஊரில் அதிகாரிகளின் கெடுபிடி பொறுக்காமல் ஓர் இளைஞன் தீக்குளித்த சேதி ஊருக்கே தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை.

மாலையில் மேலாளர் மொன்ஸெஃப் கேட்டார்: "சந்தோஷமா இருக்காங்கன்னு எழுதிடலாமா, நஸீஹா?"

"பயந்து கிடக்காங்க சார்."

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லையேம்மா."

டிசம்பர் 29

குளிர்பெட்டி பழுதுபார்க்கும் லம்ஜத் மட்டும் வாசலிலேயே கத்தினார்: "படுமோசம்னு எழுதுங்க! மேல இருக்கறவங்களுக்கும் கேக்கட்டும்."

பெயர் எழுத மாட்டேன் என்றேன். அவர் மனைவி அவரை உள்ளே இழுத்தாள். "பேர் எதுக்கு? வீட்டு நம்பர் போதுமே போலீஸுக்கு."

வீட்டு எண் குறித்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

2011 ஜனவரி 4

எந்த வீட்டில் என்ன பதில் என்றிருக்கும் முகவரித் தாள்களை மேலிடத்திலிருந்து கேட்டிருக்கிறார்களாம். எதற்கு? கேட்காமலே தெரிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கரி அடுப்பில் போட்டேன். கடைசித் தாள் சாம்பலாகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 5

"தாளெல்லாம் எங்க?" என்றார் மேலாளர்.

"மழையில நனைஞ்சு போச்சு சார்."

"ஊர்ல மழையே இல்லையே?"

"எங்க தெருவுல பெய்ஞ்சுது."

மொன்ஸெஃப் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "வேலையை விடறேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிடு. மழையை நானும் பார்த்தேன்னு சொல்லிக்கறேன்."

ஜனவரி 8

யாரும் தேடி வரவில்லை. மாடிப்படியில் காலடி கேட்டால் மட்டும் எழுந்து உட்கார்கிறேன்.

ஜனவரி 12

கடையடைப்பு. தெரு கொள்ளாத கூட்டம். நடுவில் ஸக்கியா, தொண்டை கட்டக் கட்ட அதிபருக்கு எதிராகக் கோஷம் போடுகிறாள். என்னைப் பார்த்துவிட்டாள். "என்னடி முழிக்கறே? இப்ப எழுதிக்கோ!"

ஜனவரி 15

அதிபர் நேற்று விமானம் ஏறிவிட்டார். பக்கத்து வீட்டார் அழுகிறார்களா சிரிக்கிறார்களா, சுவர் வழியே பிரித்தறிய முடியவில்லை.

மார்ச் 6

வேறொரு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் என் கதவைத் தட்டினாள். அதே கேள்வி. இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்டதில்லை. உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்தேன். "எல்லாரும் பேசிக்கிட்டே இருக்காங்கக்கா, நகரவே விடமாட்டேங்கறாங்க" என்று அலுத்துக்கொண்டாள்.

"நம்பிக்கை இருக்கு. பயமும் இருக்கு" என்றேன்.

"என்ன சொன்னீங்க? கேக்கலையே."

என்னையறியாமல் குரலைத் தாழ்த்தியிருக்கிறேன். ஜன்னல் திறந்திருந்தது. இன்னொரு தடவை சொன்னேன், தெருவுக்குக் கேட்கும்படி.