சொம்புக்குள் விழாத பந்து

28.1.2001, ஞாயிறு. உத்திரமேரூர்.

அண்ணன் கோல்ஃபில் வென்ற கோப்பைகளுக்கு அலமாரியில் இடம் போதவில்லை. இரண்டு கோப்பைகள் நெல் மூட்டைமேல் இருக்கின்றன. இன்று ஊர்க்காரர்கள் கேட்டதற்காக, அறுத்த வயலில் நின்று ஒரு பந்தை அடித்துக் காட்டினான். அது மோட்டார் கொட்டாயையும் அதற்கப்பால் பனைகளையும் தாண்டிப் போய் விழுந்தது. விசில் அடங்க நேரமாயிற்று.

மாலையில் அப்பா வாசலில் சொம்பைப் படுக்கவைத்தார். "எங்க, இதுல தள்ளு பாக்கலாம்."

மூன்றடி தூரம்கூட இல்லை. அண்ணன் குனிந்தான். தட்டும் நேரத்தில் வலது மணிக்கட்டு வெடுக்கென்று துள்ளியது. பந்து விலகிப் போனது. மறுமுறையும் அப்படியே.

"இன்னாடா, பனமரத்தத் தாண்டி அடிக்கிறவனுக்குச் சொம்பு தெரியலயா?" என்று அப்பா சிரித்தார். விளையாட்டுக்குச் செய்கிறான் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு கிணற்றடியில் அண்ணனிடம் கேட்டேன்.

"ஆறு மாசமா இப்படித்தான் கீதுடா. தூரம் பிரச்சன இல்ல. குழிகிட்ட வந்தா கை என் பேச்சக் கேக்கல. நைனாகிட்ட சொல்லாத."

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"கையில ஒண்ணும் இல்லன்றாரு."

கையில் இல்லையென்றால் எங்கே இருக்கிறது? பயமா? மூன்றடிக்கா?

குழியில் விழாவிட்டால், பந்து எவ்வளவு தூரம் பறந்தாலும் பயனில்லை. இது ஊருக்குத் தெரியாது.

காலையில் அடுத்த போட்டிக்குக் கிளம்புகிறான். பஸ் ஏற்ற வருகிறவர்கள் எல்லாம் "தூரமா அடி" என்பார்கள். அவனும் தலையாட்டுவான். நான் என்ன சொல்வது? "மெதுவா" என்றால், அது அவனுக்கு எப்படி இருக்கும்?

சொம்பு இன்னும் வாசலிலேயே கிடக்கிறது. போய் எடுத்து வைக்கலாம். கை வரவில்லை.