அண்ணனுக்கும் சேர்த்து ரயில் பாஸ்

சேசு மரி சூசை துணை

அரியலூர்
14-4-1947

அன்பு மகள் விண்ணரசிக்கு அம்மா எழுதுறது. இங்க உங்கப்பா, அண்ணன், நான், கூடவே ரெண்டு வெள்ளாடு, எல்லாரும் தேவ கிருபையால நல்லா இருக்கோம், அங்க மெட்ராசு மடத்துல நீயும் மத்த சிஸ்டருங்களும் நல்லா இருக்கணும்னு மாதாவை வேண்டிக்கிறேன். நீ கன்னியாஸ்திரியா வார்த்தைப்பாடு குடுக்கிற அன்னிக்கு அண்ணன் கண்டிப்பா வரணும்னு எழுதியிருந்தியே, வரான். ஆனா அதுக்குள்ள உங்கம்மா பண்ண கூத்து இருக்கே, அதை உங்கப்பா எழுதினா கண்ணு மூக்கு காது வச்சு எழுதிடுவாரு, அதனால நானே எழுதிடறேன்.

உங்கப்பாவோட ரயில்வே பாயிண்ட்ஸ்மேன் வேலைக்குக் குடுக்கிற இலவசப் பாஸ்ல பெண்டாட்டிக்கும் சின்னப் புள்ளைங்களுக்கும்தான் இடமாம். இருபத்தாறு வயசு ஆம்பளைய ஏத்தணும்னா, இவன் பெத்தவங்களை அண்டித்தான் இருக்கான்னு ரயில்வே டாக்டர் எழுதித் தரணுமாம். டிக்கெட்டு வாங்க நமக்கு ஏது வக்கு. டாக்டர் ஸ்டேஷனுக்கு வந்த அன்னிக்கு நான் உங்கண்ணன் சவரியாருக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டி, கிறிஸ்மசுக்கு எடுத்த சட்டையப் போட்டு, கால் தெரியாம வேட்டிய இழுத்து மூடி பெஞ்சுல உக்கார வச்சேன். தம்பிக்கு என்ன வேலை தெரியும்னு அவர் கேட்டாரா, எனக்கு வாய் நிக்கல. கயித்துக் கட்டில் பின்னுவான், ஊரு சனத்துக்கெல்லாம் கடுதாசி எழுதுவான், கோயில்ல ஆர்மோனியம் வாசிப்பான், ஒருத்தர் கையையும் எதிர்பார்க்க மாட்டான்னு அளந்து விட்டேன். அவரும் சந்தோசமா தலையாட்டிட்டு, சம்பாதிக்கக் கூடியவன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. சம்பாதிக்கிற ஆம்பளைக்குப் பாஸ் கிடையாதேன்னு உங்கப்பா தலையில அடிச்சுக்கிட்டாரு.

அடுத்த மாசம் டாக்டர் திரும்ப வந்தப்ப, நீ வூட்லயே இரும்மான்னுட்டு உங்கண்ணன் அப்பா முதுகுல ஏறிப் போனான். நான் மனசு கேக்காம பின்னாலயே போய்க் கதவோரமா நின்னேன். அவன் வேட்டிய முட்டிக்கு மேல தூக்கி, அஞ்சு வயசுல காய்ச்சல்ல போன காலு சார், அம்மா சொன்ன வேலையெல்லாம் நெசந்தான், ஆனா யாராவது தூக்கிட்டுப் போய் உக்கார வச்சாத்தான் அதெல்லாம் செய்ய முடியும்னான். இதை அன்னிக்கே ஏன்பா சொல்லலன்னு டாக்டர் கேட்டதுக்கு, "எனக்கு ஒண்ணும் வெக்கம் இல்ல சார், எங்கம்மாவுக்குத்தான்" அப்படின்னான். கோவமா இல்ல, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு, வூட்டுக்கு வந்து அழுதேன். பாஸ் நேத்து வந்துடுச்சு, மூணு பேரு பேரும் இருக்கு. அவன் அதை எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டு, மெட்ராசுல எறங்குனதும் மொதல்ல கடலுக்குத்தான் போகணும்ங்கிறான்.

வெயில் காலம், தண்ணி நெறைய குடி, ஒருசந்தி ஒருசந்தின்னு வயித்தைக் காயப் போடாத. முறுக்கும் கருவாடும் கொண்டாறேன், மடத்துல கருவாடு ஆகாதுன்னா முன்னாடியே எழுது. ஆண்டவர் உன்னை அழைச்ச வழியில நீ குறையில்லாம நடக்கணும் தாயி.

மறக்காம உங்க மடத்து மதர்கிட்ட ஒண்ணு சொல்லி வையி. இங்க கோயில்ல எல்லாரையும் போல அவனையும் பீடத்துக்கு முன்னால இருக்கிற கிராதிக்குத் தூக்கிட்டுப் போய், முட்டி போட வச்சுப் புடிச்சுக்கிட்டுத்தான் சாமியார் குடுக்கிற நற்கருணை நன்மை வாங்க வைக்கணும்னு இத்தனை வருசமா உங்கப்பாவை இம்சை பண்ணது நான்தான். அவனுக்கு அது எவ்வளவு வலின்னு இப்பத்தான் கேட்டேன். அன்னிக்கு உங்க கோயில்ல முன் வரிசை ஓரமா ஒரு நாற்காலி போடச் சொல்லு, சாமியார் அங்கயே வந்து நன்மை குடுக்கட்டும். எம்மவனால நிக்கவும் முடியாது, முட்டி போடவும் முடியாதுன்னு சொல்லு. அவங்கம்மாவே கைப்பட எழுதியிருக்காங்கன்னு சொல்லு.

இப்படிக்கு,
உன் அம்மா
அமலோற்பவமேரி