கறுப்புப் பெடலும் பீரோக் கதவும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீ நலமாக இல்லை என்று உன் கடிதமே சொல்கிறது. நான்கு வருடமாக ஒரு போன் இல்லை, ஒரு வரி இல்லை. இப்போது திடீரென்று மூன்று பக்கம்! அதில் அம்மாவை விசாரித்தது அரை வரி. மீதி முழுக்க அந்த அலையைப் பற்றித்தான். நம் முதல் ஆல்பத்தில் கிடார் எழும்பி, அமுங்கி, மறுபடி எழும்பி வருமே, அந்தச் சத்தம். இரண்டாவது ஆல்பத்திலும் அது வேண்டும் என்று கம்பெனிக்காரர் ஒற்றைக் காலில் நிற்கிறாராம். மாதக் கடைசிக்குள் தராவிட்டால் ஒப்பந்தம் ரத்தாம். கிடார் சத்தத்தைக் காலால் மாற்றுகிற பெடல் பதினொன்று வாங்கியும் அது வரவில்லையாம். வீட்டில் விட்டுப்போன பழைய கறுப்புப் பெடலில்தான் அது இருக்க வேண்டும், உடனே அனுப்பு அக்கா என்று கெஞ்சியிருந்தாய்.

அனுப்பிவிட்டேன். கூரியரில் போட்டேன், மூன்றாம் நாளே வந்திருக்கும். இந்தக் கடிதத்தைச் சாதாரணத் தபாலில் போடுகிறேன். இரண்டு வாரமாவது ஆகும். மறதி இல்லை, வேண்டுமென்றேதான். அந்த இரண்டு வாரமும் நீ தரையில் குத்தவைத்து உட்கார்ந்து அதன் குமிழ்களைத் திருகித் திருகிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கெட்ட புத்திதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

அம்மாவுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்தது. இன்னும் பள்ளிக்கூடச் சீருடைகள்தான் தைக்கிறாள். ஊசியில் நூல் கோக்க யாராவது கை நீட்டினால் திட்டு விழும். நாம் இடி என்று பட்டப்பெயர் வைத்த நம் டிரம்மர் இப்போதும் ஃப்ரிட்ஜ் ரிப்பேர்தான். போன வருடம் அவனும் நானும் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டோம். இனிமேல் நீ அவனை வாடா போடா என்று கூப்பிட முடியாது, மாமா என்றுதான் கூப்பிட வேண்டும். அதை நினைத்து ஒரு நாள் பூராவும் சிரித்தேன்.

பழசைக் கிளறாதே என்று எழுதியிருந்தாய். கிளறத்தான் போகிறேன்.

அம்மாவின் தையல் அறையில் தொடங்கினோம். நீ உன் பெடல்களைப் பார்ப்பாய், நான் என் கால் பெருவிரலைப் பார்த்துப் பாடுவேன், இடி தன் முழங்காலைப் பார்த்து அடிப்பான். என்னத்தத் தொலைச்சுட்டு மூணு பேரும் கீழயே தேடறீங்க என்று அம்மா கேட்பாள். முதல் கச்சேரிக்குப் பதினாறு பேர், அதில் நான்கு பேர் அம்மாவின் வாடிக்கைக்காரர்கள். அப்புறம் ரேடியோவில் ஒரு பாட்டு வந்தது. ஒரே வருடத்தில் அரங்கங்கள் நிறைந்தன. செருப்பைப் பார்த்து வாசிக்கிற இந்த இசைக்கு இங்கிலீஷில் ஷூகேஸ் என்று பெயர் என்பதையே நாம் பத்திரிகையைப் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். கேட்க வந்த பிள்ளைகளும் தலையைக் குனிந்துகொண்டு ஆடினார்கள். அந்த ஒரு வருடம் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்தப் பெரிய அரங்கத்து வாசலை மட்டும் சாகும்வரை மறக்க மாட்டேன். இடியும் நானும் டிரம்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறோம். சுவரொட்டியில் உன் முகம் மட்டும். உங்க பேரு லிஸ்ட்ல இல்லையேம்மா என்று காவலாளி சங்கடப்பட்டார். நீ மட்டும் தனியாகக் கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. வெளியே வந்தாய். ஆல்பத்திலிருந்து என் குரலை எடுத்துவிட்டு வேறு ஒரு பெண்ணைப் பாட வைத்திருப்பதைச் சொன்னாய். குரல் சத்தத்துக்குள்ள மூழ்கித்தானக்கா கெடக்கு, யாருக்குத் தெரியப்போவுது என்றாய். அப்போதும் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாய்.

இப்போது அலைக்கு வருகிறேன்.

முதல் ஒலிப்பதிவன்று பக்கத்து அறையில் அம்மா தையல் மெஷினை நிறுத்த மாட்டேன் என்றுவிட்டாள், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கடகடச் சத்தம் கேட்காமல் இருக்க மைக்கை இரும்பு பீரோவுக்குள், துணிகளுக்கு நடுவில் வைத்தாய். கிடார் சத்தம் வரும் ஆம்ப் பெட்டியை அதன் எதிரில் வைத்தாய். பீரோக் கதவுக்குத் தாழ் சரியில்லை, சாத்தச் சாத்தத் திறந்துகொள்ளும். பாடிக்கொண்டே நான் அதைக் காலால் தள்ளினேன். சத்தம் அமுங்கியது. விட்டேன், எழும்பியது. பிடித்துப்போய், மூச்சுக்கு ஏற்றபடி தள்ளிக்கொண்டே இருந்தேன். வந்துடுச்சுக்கா, இந்தக் கறுப்புப் பெடல்தான் என்று நீ குதித்தாய். நிமிரவே இல்லை. இடி பார்த்துவிட்டான். உன் முகம் மலர்ந்திருந்ததால், சொல்லாதே என்று அவனுக்குக் கண் காட்டினேன். எல்லாவற்றுக்கும் அதுதான் தொடக்கம், அந்தத் தப்பு என்னுடையது.

மேடையில் பீரோ ஏது என்பாய். என் பாட்டு வரிகளை ஒட்டிய பலகை ஒன்று உன் ஆம்புக்கு முன்னால் நிற்குமே, இடி அதற்குக் கீல் போட்டுத் தந்திருந்தான், பாடிக்கொண்டே அதைத்தான் காலால் தள்ளுவேன். அது எதற்கு என்று ஒரு தடவையாவது கேட்டாயா? கறுப்புப் பெடல் செத்து ஆறு வருடம் ஆகிறது. இடி திறந்து பார்த்தான், உள்ளே துரு. அந்த அலை என் விரலில் பிறந்தது என்று பேட்டி கொடுத்தாயே, படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். என் குரலை எடுத்தாய் தம்பி, என் காலை எடுக்கத் தெரியவில்லை உனக்கு.

நாங்களும் ஒரு ஆல்பம் போடுகிறோம். இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும்போது அது வெளிவந்து நான்கைந்து நாள் ஆகியிருக்கும். முதல் பாட்டுக்கு முன்னால் அரை நிமிடம் வெறும் கதவுச் சத்தம். அட்டையில் பீரோ, அதன்மேல் என் கால். இதுவரை கேட்டவர்கள் எல்லோரும் இது அவனோட சத்தமாச்சே என்றுதான் தொடங்கினார்கள். அரை நிமிடம் முடிந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். உன் கம்பெனிக்காரரும் கேட்பார். கேட்கட்டும். அதுவரை உனக்குத் தெரியக் கூடாது என்றுதான் சாதாரணத் தபால்.

ஒன்றை மட்டும் மறைக்க மனம் வரவில்லை. முதல் நாள் எங்களுக்கும் அலை வரவில்லை. பீரோவில் போர்வைகளை அடைத்துப் பார்த்தோம், உப்புச் சப்பில்லாமல் இருந்தது. அம்மா எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து உன் பழைய சட்டைகளை எடுத்துவந்து ஒவ்வொன்றாக மாட்டினாள். அன்னைக்கு இதெல்லாம்தானடி உள்ள இருந்துச்சு என்றாள். உடனே வந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ இல்லாமல் ஒரு ஆல்பம் போட்டுக் காட்டலாம் என்றால் உன் சட்டை வந்து நிற்கிறது! அட்டையில் உன் பெயரைப் போடவில்லை. பதினான்கு சட்டைகளுக்கு நன்றி என்று மட்டும் போட்டிருக்கிறோம்.

அந்தச் சட்டைகளைக் கேட்டு எழுதாதே. கூரியரிலும் அனுப்ப மாட்டேன், தபாலிலும் அனுப்ப மாட்டேன். அம்மா அவற்றைத் துவைத்து இஸ்திரி போட்டு அங்கேயேதான் மாட்டி வைத்திருக்கிறாள். வேண்டுமானால் நேரில் வந்து எடுத்துக்கொள். வரும்போது, தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளே வா.

நல்லா இரு.

இப்படிக்கு,
சத்தத்துக்குள் மூழ்கிக் கிடந்த
உன் அக்கா