ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழுதாகாத கணினி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் வேளைக்கு உண்டு, வேளைக்கு மருந்து எடுத்துக்கொண்டு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குறைவின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே குளிர் கூடிவிட்டது என்றாய், காதை மூடாமல் வெளியே போகாதே. தொலைபேசியில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். நான் பேசும்போதெல்லாம் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான்.

நம் வீட்டுக் கணினி சில மாதங்களாகவே தகராறு செய்துவந்தது. ஒரு நாள் ஒழுங்காகத் திறக்கும். மறுநாள் படங்கள் இருந்த இடமே வெறிச்சோடிக் கிடக்கும், உள்ளே யாரோ நகத்தால் தட்டுவதுபோல டிக் டிக் என்று சத்தம் வரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்ப்பது என் முறை என்பதால் முதலில் கேபிளை மாற்றினேன், பிறகு மின் இணைப்பை மாற்றினேன், எதுவும் பலிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அது ஒருபோதும் பழுதாகவில்லை என்பதுதான் எனக்கு விளங்காமல் இருந்தது. உன் தம்பி நம்மை விட்டுப் போனபின் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியதால், அவன் வீடியோக்களை ஞாயிறன்று, நான் உடனிருக்கும்போது மட்டுமே பார்க்க வேண்டும் என்று நான் வைத்த ஒழுங்கு உனக்குத் தெரியும். போன மாதம் ஒரு புதன்கிழமை, அலுவலகக் கூட்டம் ரத்தாகி முன்னதாகவே வீடு திரும்பினேன். கணினி உறை போட்டபடிதான் இருந்தது. மேலே கை வைத்தால் இஸ்திரிப் பெட்டிபோலச் சுட்டது. அம்மா குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் எதுவும் கேட்காமலே, "நீங்க வர்ற சத்தம் கேட்டா சட்டுனு மூடணுமே, அதான் திரைப் பக்கம் மட்டும் தூக்கிக்குவேன்" என்றாள். ஞாயிறன்று நான் உறையை முழுதாகக் கழற்றிவிடுவேன், மற்ற நாளெல்லாம் பெட்டி மூச்சுவிட வழியில்லாமல் வெந்திருக்கிறது. தூசி படாமல் மூடியே வைக்க வேண்டும் என்பதும் நான் போட்ட சட்டம்தான்.

பழுது பார்ப்பவர் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "சார், ஹார்ட் டிஸ்க் இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. நல்லா ஆறட்டும், அப்புறம் எது ரொம்ப முக்கியமோ அத முதல்ல அள்ளிடுங்க" என்றார். வீட்டுப் பத்திரம், வரிக் கணக்கு என்று நான் வரிசை சொல்லத் தொடங்கியதும் அம்மா குறுக்கிட்டாள். "பத்திரமெல்லாம் பீரோவுலயும் இருக்கு. பையன் இதுல மட்டும்தான் இருக்கான்." அதற்குமேல் எனக்கு வரிசை எதுவும் நினைவுக்கு வரவில்லை. மறுநாள் காலையில் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மேசை விசிறியைப் பெட்டிக்கு நேராகத் திருப்பி வைத்து, நகலெடுக்க ஆரம்பித்தேன். அம்மா மடியில் கை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். புகைப்படங்கள் வந்தன, சிறு வீடியோக்கள் வந்தன, கடைசி வீடியோ பாதியில் இருக்கும்போது அந்தச் சத்தம் வந்து எல்லாம் நின்றுவிட்டது. அழிந்த பதிவுகளை மீட்டுத்தரும் பெரிய நிலையம் ஒன்றுக்கும் அந்த டிஸ்க்கை அனுப்பிப் பார்த்தேன், உள்ளிருக்கும் தட்டு கீறிப் போய்விட்டது என்று திருப்பிவிட்டார்கள்.

அந்த வீடியோவை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. தம்பி என் கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, என்னைப் போலவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "விதி ஒண்ணு, கம்ப்யூட்டர மூடி வைக்கணும். விதி ரெண்டு, சிரிக்கிறதா இருந்தா முன்கூட்டியே அனுமதி வாங்கணும்" என்கிறான். கேமராவுக்குப் பின்னால் அம்மா சிரிக்கிற சிரிப்பை இந்த வீட்டில் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. பிறகு கிட்டே வந்து, "ம்மா, அப்பாவுக்குக் காட்டிராத, அக்காவுக்கு மட்டும் அனுப்பறேன், அவ..." என்கிறான். அவ்வளவுதான், படம் உறைந்துவிடுகிறது. அம்மா அதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். கிழமைக் கணக்கெல்லாம் இப்போது இல்லை, உறையையும் மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

அவன் உனக்கு அனுப்பியிருந்தால், உன் பழைய போனை ஒருமுறை நிதானமாகத் தேடிப் பார். அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, வீணாக ஆசை காட்டக் கூடாது. கிடைத்தால் உடனே அனுப்பு. கிடைக்காவிட்டால், அடுத்த முறை பேசும்போது "சாப்பிட்டீங்களாப்பா" என்று மட்டும் கேள். சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிவிடுகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு, ஒருவருக்கொருவர் துணையாக, சிரித்துக்கொண்டு வாழ என் ஆசிகள். காதை மூடிக்கொள்ள மறக்காதே.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா