விலகிப் போகாத படகு

யூன் 2, திங்கள்
ஓர்ஸ் ஹில் மீன்பிடி அலுவலகத்தில் முதல் நாள். வியாழக்கிழமை ஒரு தனியார் கம்பனியின் ரொக்கெட் வங்காள விரிகுடாவுக்கு மேலால் தொலைத்தொடர்புச் செய்மதி ஒன்றைக் கொண்டுபோகிறது. கழன்று விழும் பாகங்கள் கடலில் விழும். அந்தப் பக்கம் நிற்கும் நம்முடைய படகுகளை ரேடியோ செற்றில் கூப்பிட்டு விலகச் சொல்வது என் வேலை. அவர்கள் சொல்வதை அப்படியே தன்னிடம் சொன்னால் போதும் என்றார் மேலாளர் ஸஜ்ஜாத்.

யூன் 4, புதன்
படகுகளின் பட்டியல் வந்தது. பதினேழு. இறக்கக்கண்டித் துறையில் இருந்து போனவற்றில் அக்காவின் புருசன் நிருபன் அத்தானுடையதும் ஒன்று.

ஆறு வருசம். புருசனை விட்டு நான் வந்த அன்று, அக்காவை உள்ளே போகச் சொல்லிவிட்டு, என்னை முற்றத்திலேயே நிற்க வைத்துக் கேட்ட மனிசன்: "வாழாவெட்டியை வைச்சிருந்தா என்ர பிள்ளையளுக்கு ஆர் கலியாணம் பேசி வருவினம்?" அம்மா செத்ததை மூன்றாம் நாள்தான் எனக்கு அறிவித்தவர். அந்த ஆளை நான் மரியாதையாகக் கூப்பிட வேண்டுமாம்.

யூன் 5, வியாழன்
காலை எட்டு மணிக்குள் பதினாறு படகும் விலகிவிட்டன. அத்தானுடையது மட்டும் திரையில் அதே இடத்தில்.

கூப்பிட்டேன். என் குரல் அவருக்குத் தெரிந்துவிட்டது. "பிரசாந்தி, எஞ்சின் நிண்டு போச்சு. எடுக்க ஏலாமக் கிடக்கு. நாங்கள் நாலு பேர். ஆரையாவது அனுப்பச் சொல்லு."

இரைச்சல் இருந்தது. ஆனால் கேட்டது. தெளிவாகக் கேட்டது.

என்ன சொல்கிறார் என்று ஸஜ்ஜாத் கேட்டார்.

"போகமாட்டாராம்," என்றேன்.

திரும்பக் கூப்பிட்டபோது பதில் இல்லை. ரேடியோ பற்றரி போயிருக்க வேண்டும்; இடம் காட்டும் கருவிக்குத் தனிப் பற்றரி, அதனால் புள்ளி மட்டும் திரையில் இருந்தது. புறப்படப் பதினொரு நிமிடம் இருக்கையில் ரொக்கெட்டை நிறுத்திவிட்டார்கள். விலக மறுத்த படகு என்று ஸஜ்ஜாத் போனில் அத்தானின் படகு இலக்கத்தை இரண்டு தரம் சொன்னார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. இங்கேயாவது பொய் எழுதக் கூடாது — சந்தோசம்தான்.

யூன் 6, வெள்ளி
கிடக்கட்டும். நான் நடுத்தெருவில் நிண்டபோது ஆர் வந்தது?

யூன் 7, சனி
படகு மெல்லக் கிழக்கே போகிறது. வேண்டுமென்றே ஓட்டுகிறார் என்று ஸஜ்ஜாத் நினைக்கிறார். அது நீரோட்டம் இழுப்பது. இங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். குடிதண்ணீர் எத்தனை நாளைக்குக் காணும்?

பின்னேரம் அக்கா போன் எடுத்தாள். ஆறு வருசத்தில் முதல் தரம்.

"உங்கட அலுவலகத்தில சொன்னவை, நீ அவரோட கதைச்சனியாம். என்ன சொன்னவர்?"

வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன். பிறகு ஸஜ்ஜாத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. மீட்புப் படகு கேட்டுப் போன் எடுத்துவிட்டு, என் மேசையில் இருந்த ஹெட்போனைத் தன் பக்கம் எடுத்து வைத்தார்.

யூன் 8, ஞாயிறு
நாலு பேரும் உயிரோடு. ஒருவருக்கு மட்டும் சேலைன் ஏறுகிறதாம். அது அத்தான் இல்லை. ஆறுதலா, ஏமாற்றமா — தெரியேல்ல.

யூன் 17, செவ்வாய்
விசாரணை. விலக மறுத்தார் என்று ரொக்கெட் நின்ற அன்றே அத்தானின் மீன்பிடி அனுமதியை நிறுத்தி வைத்திருந்தார்கள். அன்று அவர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் சொன்னேன். அனுமதி திரும்பக் கிடைத்தது. என் வேலை போனது.

அத்தான் வெளியே நின்றார். மெலிந்திருந்தார்.

"இனி என்ர முகத்தில முழிக்காத," என்றார்.

"நீங்களும்தான்," என்றேன்.

அம்மா செத்ததை ஏன் பிந்திச் சொன்னீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவரால் இன்னும் மன்னிக்க ஏலாது. என்னாலும்.

செப்ரெம்பர் 12, வெள்ளி
ரொக்கெட் யூலையிலேயே போய்விட்டது. நான் இப்போது நகரில் ஒரு போன் கடையில். அந்தச் செய்மதியால் அடுத்த வருசம் ஆழ்கடலிலும் போன் எடுக்கலாமாம். அந்தப் போனுக்கு முற்பதிவு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இன்று அக்கா வந்தாள். என்னைக் கண்டதும் திரும்பிப் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் என் முன்னால் வந்தாள்.

"ஒண்டு எழுது. இனி அவர் என்னோட நேராக் கதைக்கட்டும்."

எந்தப் பெயரில் என்று கேட்டேன். அவருடைய பெயரில் என்றாள். எழுதினேன். படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, நான் எழுதியது சரியா என்று இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டுப் போனாள்.