ஜன்னலில் ஒட்டிய நெஞ்சுப் படம்

அம்மா,

இன்று காலை செம்பூரில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டேன். புது வேலைக்கான மருத்துவப் பரிசோதனை. "சாஸ் ரோக்கோ" என்றாள் படமெடுத்த பெண். மூச்சை அடக்கினேன். படம் மொபைலுக்கு வந்துவிடும் என்றாள். ஃபிலிமாகவும் வேண்டும் என்றேன். ஏனென்று கேட்டாள். சொன்னால் நீளும்.

தெருவில், காற்றுக்கு ஃபிலிம் கையில் படபடத்தது. தெரிந்த சத்தம். நம் தாராவி வீட்டு ஜன்னலின் சத்தம்.

கண்ணாடி உடைந்த கட்டத்தில் உன் நெஞ்சுப் படத்தை டேப் போட்டு ஒட்டியிருந்தாய். டி.பி. மருந்து முடிந்தபோது எடுத்த படம். "ஏட்டி, கொணமான பொறவு இத வச்சு என்ன செய்ய? சாரலாவது அடிக்காம இருக்கட்டும்."

உன் விலா எலும்புகள் வழியே வந்த வெளிச்சத்தில்தான் படித்தேன். கல்லூரி வரை.

பிறகு ஒரு மழைக்காலத்தில் இருமல் திரும்பி வந்தது. புதுப் படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. மறுபடி அதே நோயா, பழைய தழும்பா? இந்த ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நீ என்னைப் பார்க்கவில்லை. சேலையில் ஒட்டியிருந்த நூல் பிசிறுகளை எடுத்துக்கொண்டிருந்தாய். நோய் என்றால் மாதக்கணக்கில் மாத்திரை. தையல் பட்டறையில் உன் மிஷினில் வேறொருத்தி.

"புரானா ஃபிலிம் கிதர் ஹை?" பழைய படம் எங்கே என்று கேட்டார்.

"கிட்கி மே ஹை, சாப்." ஜன்னலில் இருக்கிறது என்றாய்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "கிட்கி மே?"

"பாரிஷ் ஆத்தா ஹை நா." மழை வருகிறதே என்றாய்.

நான் ஓடினேன். பிய்த்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்தேன். விளக்குப் பலகையில் இரண்டையும் அருகருகே மாட்டினார். பழையதில் டேப்பின் பசை, மழைக் கறை. அவற்றுக்கு நடுவே, அதே இடத்தில், அதே அளவில், அதே புள்ளி.

தழும்புதான் என்றார். சளிப் பரிசோதனையிலும் பிறகு ஒன்றும் வரவில்லை.

வெளியே வந்ததும் சொன்னாய்: "பாத்தியா, கெடந்த எடத்துலயே கெடக்கு. ஒங்க அப்பா மாதிரி."

ஜன்னலுக்கு அட்டை வைத்தோம். படம் உறைக்குள் போனது. அதன்பின் எடுத்த ஒவ்வொன்றையும் அதிலேயே சேர்த்தாய். புள்ளி நகரவேயில்லை. போன வருடம் நீ போனதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வீட்டுக்கு வந்து என் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். சுத்தமாக இருந்தது. ஆனாலும் உன் புள்ளியைச் சற்று நேரம் தேடினேன்.

பிறகு உன் உறையிலேயே, உன் படங்களுக்குப் பின்னால் வைத்தேன். யாராவது பழையது எங்கே என்று கேட்டால், இந்த முறை ஓட வேண்டியதில்லை.