திருப்பி அனுப்பிய கோவில் இட்லி

1968 மே 18, சனி.

இருந்தவர்கள்: நான், அவர் (சபை ஐயர்), மகள் மேரி, அடுத்த வீட்டு நெசவுக்காரி முனியம்மா.

யாழ்ப்பாணத்திலிருந்து ஊழியத்துக்கு வந்த எங்களுக்கு இந்த ஊரில் முதல் சிநேகிதி முனியம்மாதான். மேரி காய்ச்சலில் கிடந்தபோது தறியை விட்டுவிட்டு வந்து பக்கத்திலேயே இருந்தாள். இன்று ஆசையாகக் கோவில் இட்லி கொண்டுவந்தாள்.

"விக்கிரகத்துக்குப் படைச்சது எங்களுக்கு வேண்டாம், கொண்டு போங்கோ" என்றார் அவர், வாசலிலேயே.

"சுக்கும் மிளகும்தான் இருக்குது ஐயரே, சாமி உள்ளயா குந்திக்கினு இருக்குது?" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. தட்டை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

நாங்கள் ஜெபித்துக் கொடுத்த கிறிஸ்மஸ் கேக்கை அவள் ஒரு வார்த்தை கேட்காமல் சாப்பிட்டாளே! அதைச் சொன்னால், "உமக்கு வேதம் விளங்காது" என்கிறார்.

ஆண்டவரே, காலையில் நான் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்கலாமா? அவர் எழும்புவதற்கு முன் பதில் சொல்லும்.